கட்டம் கட்டமாகத் தெரிந்த முகம்

கல்யாண வீடியோவைப் படம் பிடிப்பது என் கணவர். அதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து முழுசாக்கிக் கொடுப்பது நான். திருத்தணியில் முகூர்த்த நாள் என்றால் மலைமேலும் மேளம், மலைக்குக் கீழேயும் மேளம். இருட்டு விலகும் முன்னே அவர் கேமராப் பையோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை. ஆனால் எல்லாக் கல்யாணமும் கடைசியில் எங்கள் மாடி அறைக்கு வந்து சேர்ந்துவிடும். மாப்பிள்ளையின் அத்தை எதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், பந்தியில் யார் இரண்டாம் முறை உட்கார்ந்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பிறகு கடைவீதியில் அந்த முகங்களில் ஒன்றைப் பார்க்கும்போது சிரித்துவிட வாய் போகும். அவர்களுக்கு என்னைத் தெரியாது என்பது அடுத்த நொடிதான் நினைவுக்கு வரும்.

குழந்தை பிறப்பதற்கு முன்னால் நான் சென்னையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே பிழை இருக்கிறது என்று தேடிச் சொல்லும் வேலை. காலையில் மின்சார ரயிலில் போய், சாயங்காலம் அதே ரயிலில் நின்றுகொண்டே திரும்புவேன். குழந்தை வந்த பிறகு அந்த ஓட்டத்துக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. விட்டுவிட்டேன். விட்டதில் எனக்கு வருத்தம் என்று யாரிடமும் சொன்னதில்லை. வீடியோ வேலையும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ஒரு பொருள் ஏன் கெட்டுப்போகிறது என்று தோண்டித் துருவிக் கண்டுபிடிக்கிற அந்தச் சுகம் மட்டும் எங்கேயோ நின்றுபோயிருந்தது.

அது திரும்பி வந்தது ஒரு மேசைக் கணினியின் உருவத்தில். பழைய மடிக்கணினியில் ஒரு கல்யாணத்தை முழுப்படமாக மாற்றுவதற்குள் அடுத்த கல்யாணத்தின் கேமரா கார்டுகள் வந்துவிடும். அதனால் என் கணவர் சென்னையில் ஒருவர் பயன்படுத்தி விற்ற கணினியை வாங்கி, காரின் பின்சீட்டில் தலையணை வைத்துக் கொண்டுவந்தார். அதிலிருந்த பிராசசர் ஒரு தனி வகை. உடையவர் விரும்பினால் அதன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளலாம். ஓவர்கிளாக்கிங் என்பார்கள். பிராசசரைச் செய்பவர்கள் இவ்வளவு வேகம் என்று குறித்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் கோடையிலும் குளிரிலும், நல்ல காற்றிலும் புழுக்கத்திலும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்பதற்காக அந்த எல்லைக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அந்த மிச்ச இடத்தை நாமே எடுத்துக்கொள்வதுதான் ஓவர்கிளாக்கிங். எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே நாளில் ஒரே ஆலையில் செய்த இரண்டு பிராசசர்கள் கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

தை மாதத்தில் நான் அதில் இறங்கினேன். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கணினி விழித்துக்கொள்ளும்போதே உள்ளே நுழைந்து அதன் அடிப்படை அமைப்புகளைத் திறப்பேன். வேகத்தை ஒரு படி ஏற்றுவேன். பிராசசரைப் பிழிந்தெடுக்கும் சோதனை நிரல் ஒன்றை ஓடவிட்டு, துணி துவைக்கப் போவேன். திரும்பி வந்து பார்த்தால் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு படி. ஒரு கட்டத்தில் திரை நீலமாகி நின்றுபோகும். அப்போது பிராசசருக்குப் போகும் வோல்டேஜைத் துளி கூட்டுவேன். மறுபடி எழுந்து ஓடும். மொட்டை மாடிக் கதவைத் திறந்து வைத்தால் மலைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்து என் கழுத்தைத் தொடும். பல வருஷங்களுக்குப் பிறகு நான் அந்த வாரம் சும்மாவே பாடிக்கொண்டிருந்தேன் என்று என் கணவர் பிற்பாடு சொன்னார்.

முழுப்படமாக மாற்றும் நேரம் கண்கூடாகக் குறைந்தது. அவரை மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு அதன் உள்விவகாரம் புரியவில்லை, பலன் புரிந்தது. அந்தப் பருவத்தில் இன்னும் சில கல்யாணங்களுக்கு ஒத்துக்கொண்டார்.

பங்குனியில் கணினி உறைய ஆரம்பித்தது. வேலையின் நடுவில் திரை அப்படியே நிற்கும். சுட்டி நகராது. மணப்பெண் கண்ணை மூடினபடியே இருப்பாள்.

"இன்னா, திரும்பவும் நின்னுபோச்சா?" என்று மாடிப்படியிலிருந்தே கேட்டார் என் கணவர்.

"ஆங், நின்னுடுச்சி."

"கரண்டு கம்மியா வருது, அதான். எதிர் வூட்ல போர் மோட்டார் போட்டுகினு கீறாங்க. ஃபேன் சுத்துற லட்சணத்தப் பாரு."

"அந்த வோல்டேஜ் இல்லீங்க. இது உள்ள, பிராசசருக்குப் போற வோல்டேஜ்."

"அது எவ்ளோ?"

"ஒண்ணே கால் வோல்ட்டு."

அவர் சிரித்துவிட்டார். "ஒண்ணே காலா? டார்ச் லைட் பேட்டரியே ஒண்ணர வோல்ட்டு ஆச்சே!"

"அந்த ஒண்ணே காலுல துளி கொறஞ்சாலும் கணக்கு தப்பாப்பூடும். வேகமா ஓடச் சொன்னா அதுக்கு இன்னும் கொஞ்சம் வேணும். கொஞ்சம் கூட ஊத்துனா சூடாவும். சூடானா மறுபடியும் தடுமாறும்."

"அப்ப பழையபடியே வெச்சிடேன்."

அவர் சொன்னது எளிமையான, சரியான யோசனை. நான் கேட்கவில்லை. அவரும் விடவில்லை. மின்சாரக்காரரை வரவழைத்து மாடிக்குத் தனி வயர் இழுத்தார். யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டார். எதிர்வீட்டு மோட்டார் ஓடும்போது மின்விசிறி சோர்ந்து போவது நின்றது. கணினி உறைவது நிற்கவில்லை. அதனால் நான் என் வழிக்கே வந்தேன்.

அமைப்புகளில் நாம் எழுதுகிற வோல்டேஜ் வேறு, பிராசசர் மூச்சுமுட்ட வேலை செய்யும்போது அதற்கு உண்மையில் போய்ச் சேருகிற வோல்டேஜ் வேறு என்பதை அந்த நாட்களில்தான் கவனித்தேன். சும்மா இருக்கும்போது சொன்ன அளவு இருக்கும். வேலை ஏற ஏற அது சரியும். அந்தச் சரிவை ஈடுகட்ட ஓர் அமைப்பு உண்டு. அதை ஒரு நிலை உயர்த்தி, வோல்டேஜையும் துளி கூட்டினேன். ஒரு காலையில் சோதனை நிரல் பிசகில்லாமல் ஓடி முடிந்தது. கணினி அதன்பின் உறையவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். குவிந்து கிடந்த கல்யாணங்களை ஒவ்வொன்றாக முடித்து, பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தனுப்பினோம். நேர நெருக்கடியில் எதையும் நான் முழுசாக உட்கார்ந்து பார்க்கவில்லை. தொடக்கம், நடு, முடிவு என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து அனுப்பினேன்.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம், துணியை மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் போன் செய்தாள்.

"அக்கா, நான் பள்ளிப்பட்டுலேர்ந்து பேசுறேன். தை மாசம் எனக்கு கல்யாணம் ஆச்சே. அண்ணன்தான் வந்து வீடியோ எடுத்தாரு."

குரல் எனக்குத் தெரியாது. ஆனால் பள்ளிப்பட்டு, தை மாதம் என்றதுமே முகம் வந்துவிட்டது. ஆரஞ்சுப் பட்டு, வலது புருவத்துக்கு மேலே சின்னத் தழும்பு. பேச்சில் பாதித் தெலுங்கு கலந்த வீடு, அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். தாலி கட்டினதும் இரண்டு பேரும் மாறி மாறித் தலையில் அரிசி கொட்டிக்கொண்டு சிரித்தது நினைவிருந்தது.

"சொல்லும்மா."

"வீடியோல ஒரு எடத்துல நைனா மொகத்துல கட்டம் கட்டமா வருதுக்கா. பச்சையா, ரோஸா. தாரை வாத்துக் குடுக்குற எடம். டிவில பாத்தாலும் வருது, போன்ல பாத்தாலும் வருது."

"பென் டிரைவ் எதுனா கெட்டுப்போயிருக்கும். நான் வேற போட்டுத் தரேன்மா," என்றேன்.

"சரிக்கா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அண்ணன் வந்து குடுத்த வாரமே நைனா பூட்டாரு. கழனிக்குப் போனவரு, அங்கியே. அதனால நாங்க யாரும் பாக்கல. காரியம்லாம் முடிஞ்சி, அம்மா நேத்துதான் போடச் சொன்னாங்க. வேற எதுவும் வாணாங்க்கா. அந்த எடம் மட்டும் சரி பண்ணிக் குடுத்தாப் போதும்."

அவள் அழவில்லை. மாவு மில்லில் அரைத்து வாங்குகிற விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்குத்தான் கையிலிருந்த துணியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

என் கணவர் அன்று வீட்டில்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். என் பின்னாலேயே மாடிக்கு வந்தார். இருவருக்கும் ஒரே பயம். கேமரா கார்டுகளை ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் பயன்படுத்துகிறோம். மூலக் காட்சி இருப்பது ஒரே ஒரு வன்தட்டில்தான். அந்த வன்தட்டுக்கு அதைப் படியெடுத்ததும் இதே கணினிதான். முடிந்த படத்தில் மட்டும் பிழை என்றால் மறுபடி செய்துகொள்ளலாம். படியெடுக்கும்போதே கெட்டுப்போயிருந்தால், அந்த மனிதரின் முகம் இனி எங்கேயும் கிடையாது.

மூலத்தைத் திறந்து அந்த இடத்துக்கு ஓட்டினேன். புரோகிதர் சொம்பை நீட்டுகிறார். அப்பா வாங்குகிறார். மகளின் கை, அதன் கீழே மாப்பிள்ளையின் கை. தண்ணீர் விழத் தொடங்கும்போது அப்பாவின் முகம் கன்னத்திலிருந்து நெற்றிவரைக்கும் சதுரம் சதுரமாக உடைந்தது. பச்சை, ரோஸ், சாம்பல். பிறகு ஒன்றுமே நடக்காதது போல முகம் திரும்பி வந்தது.

என் கணவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "போச்சா?" என்றார்.

வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அதே இடத்தை மறுபடி ஓட்டினேன்.

இந்த முறை அப்பாவின் முகம் சுத்தமாக இருந்தது. கட்டங்கள் புரோகிதரின் முழங்கையில் விழுந்தன.

"இன்னா இது, எடம் மாறுது?" என்றார் அவர்.

மூன்றாம் முறை ஓட்டினேன். எங்கேயும் கட்டம் இல்லை. நான்காம் முறை, மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால் ஒரு நொடி வந்து போனது. அலுவலக நாட்களில் எத்தனையோ பிழைகளைத் துரத்தியிருக்கிறேன், எதற்கும் இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

"கெட்டுப்போல," என்றேன். "வீடியோ கெட்டுப்போலங்க. அதுல பிழை இருந்தா ஒவ்வொரு தடவையும் அதே எடத்துலதான வரணும்? எடம் மாறுதுன்னா தப்பாப் படிக்கிறது இந்த மிஷினு."

அவர் நம்பினாரா இல்லையா தெரியவில்லை. கீழே ஓடிப்போய்ப் பழைய மடிக்கணினியை எடுத்துவந்தார். வன்தட்டைக் கழற்றி அதில் மாட்டினோம். காட்சி திக்கித் திக்கித்தான் ஓடியது, நொண்டுகிறவர் படியேறுவதுபோல. ஆனால் முகம் முழுசாக இருந்தது. எத்தனை முறை ஓட்டினாலும் முழுசாகவே இருந்தது. பிறகு மேசைக் கணினியில் நான் தொட்டிருந்த எல்லா அமைப்புகளையும் அழித்து, ஆலையில் வைத்தபடிக்கே திருப்பினேன். அதிலும் கட்டம் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அவர் தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "அந்த ஆளு என்கிட்ட மோர் குடிச்சிட்டுப் போன்னு ரெண்டு தபா சொன்னாரு. நான்தான் நேரமாவுதுன்னு வந்துட்டேன்," என்றார்.

எது என்னை உலுக்கியது என்று பிறகு பல நாள் யோசித்தேன். கணினி உறைந்து நின்றபோது நான் எரிச்சல்பட்டேனே தவிர, அது ஒரு நேர்மையான செயல். முடியவில்லை என்று சொல்லி நிற்கிறது. நான் ஊற்றிய கூடுதல் வோல்டேஜ் அதை முடியாமையிலிருந்து மீட்கவில்லை. முடியாது என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டது. கணக்கு எங்கோ தப்பிய பிறகும் அது முன்பு போலவே வேகமாக, அமைதியாக, அடுத்த சட்டகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நிற்காமல் ஓடுகிறது என்பதை நான் சரியாக ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டேன். சோதிப்பதையே தொழிலாகச் செய்தவளுக்கு இந்த இரண்டுக்கும் நடுவிலிருக்கும் தூரம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும்தான் இருந்தது, அலுவலகத்தில். வீட்டில், நான் ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

ஆலை வேகத்திலேயே அந்தக் கல்யாணத்தை மறுபடி முழுசாகச் செய்தேன். இந்தத் தடவை ஒரு காட்சியையும் தள்ளாமல் தொடக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்தேன். வெட்டிப்போட்ட துண்டுகளையும் பார்த்தேன். அவற்றில் ஒன்றில் அவர் இருந்தார். தாரை வார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் விளக்கின் வயர் மேடையில் குறுக்கே கிடக்கிறது. அவர் குனிகிறார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்த வயரை எடுத்து மகள் நடந்து வரும் வழியிலிருந்து ஓரமாக விடுகிறார். நிமிரும்போது கேமரா தன்னைப் பார்ப்பதைக் கவனித்து, நீ உன் வேலையைப் பார் என்பதுபோல கையை அசைக்கிறார். அவருடைய முதுகு மணப்பெண்ணை மறைத்துவிட்டது என்று அதை நான் நீக்கியிருந்தேன்.

அந்தப் பெண் வாங்கிக்கொள்ளத் தானே வந்தாள். கணவனோடு வண்டியில், வெயிலில், தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு. நான் பார்த்துப் பழகியிருந்ததைவிட மெலிந்திருந்தாள். அவளுக்கு என் வீடு புதிது, நான் புதிது. எனக்கு மட்டும் அவளை ரொம்ப நாளாகத் தெரியும் என்ற நினைப்பு. தண்ணீர் கொடுத்து, மாடிக்கு அழைத்துப் போனேன்.

"இங்கியே ஒரு தபா பாத்துடும்மா. சரியாயிருக்குதான்னு சொல்லு."

தாரை வார்க்கும் இடத்தை ஓட்டினேன். அவள் திரைக்கு மிக அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முகம் உடையாமல் தண்ணீர் விழுந்து முடிந்தது. அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அவளுடைய கணவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"இன்னொண்ணு கீதும்மா. நாங்க படத்துல சேக்காம வுட்டுட்டது. பாக்குறியா?" என்று கேட்டேன். கேட்ட பிறகு, கேட்டிருக்கக் கூடாதோ என்று பட்டது.

"போடுங்கக்கா."

அவர் குனிந்தார். வயரை எடுத்து ஓரமாக விட்டார். கையை அசைத்தார்.

அவள் சிரித்தாள். வாய்விட்டு, கல்யாண வீடியோவில் அரிசி கொட்டும்போது சிரித்த அதே சிரிப்பு. "நைனா இப்டித்தாங்க்கா! வூட்ல ஒரு சார்ஜர் வயரு கீழ கெடக்கக் கூடாது. அப்டியே சுருட்டி ஆணியில மாட்டிடுவாரு. அவசரத்துக்கு எடுத்தா சிக்கிகினு வரும். எத்தினி தபா சண்ட போட்டுக்கீறேன் தெரிமா?" அப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். போனில் அழாத அழுகை அப்போதுதான் வந்தது. நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கீழே என் கணவர் குழந்தையிடம் மாடிக்குப் போகாதே என்று சொல்லுகிற குரல் கேட்டது.

கிளம்பும்போது வெட்டாத மூலக் காட்சிகள் முழுவதையும் அவளுக்குத் தனியாக ஏற்றிக் கொடுத்தேன். "அம்மா இதத்தான் தெனமும் பாப்பாங்க," என்றாள். அது நல்லதா கெட்டதா என்று அவளுக்கே தெரியாத மாதிரிதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு வேலைகள் மிச்சம் இருந்தன.

ஒன்று, பிழை எதனால் வந்தது என்று ஒழுங்காகக் கண்டுபிடிப்பது. ஆலை வேகத்திலேயே விட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று என் கணவர் சொன்னார், சரிதான். ஆனால் காரணம் தெரியாமல் தீர்ந்த பிரச்சினை எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். தை மாதத்தில் நான் பிராசசரின் வேகத்தையும் நினைவகத்தின் வேகத்தையும் சேர்த்தே கூட்டியிருந்தேன். எது சறுக்கியது என்று அப்போதே சொல்ல முடியாதபடிக்கு நானே செய்துவைத்திருந்தேன். இந்தத் தடவை ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். முதலில் நினைவகத்தை மட்டும் கூட்டினேன். அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் வரும் மேளக் காட்சியை எடுத்து ஒரே துண்டை இரண்டு முறை செய்து, இரண்டு விடைகளும் கடைசிப் புள்ளிவரை ஒன்றா என்று ஒப்பிட்டேன். எந்த நேரத்தில் செய்தாலும் ஒன்றாகவே இருந்தன. நினைவகம் குற்றவாளி இல்லை. பிறகு அதைப் பழைய நிலைக்கு இறக்கிவிட்டு, பிராசசரை மட்டும் ஏற்றினேன். காலையில் ஒன்றாக இருந்தன. மத்தியானம், மொட்டை மாடித் தளம் கால் வைக்க முடியாமல் காய்ந்து, அறைக்குள் சுவரே சூடாக மூச்சு விடும்போது, இரண்டும் ஒன்றாக இல்லை.

அவ்வளவுதான் விஷயம். நான் எல்லாச் சோதனையையும் குளிரிலும் காலை வேளையிலும் செய்திருந்தேன். எங்கள் ஊர் வெயிலில் செய்து பார்க்கவே இல்லை. சூட்டில் அந்த வேகத்துக்கு அந்த வோல்டேஜ் போதவில்லை. உறையாத அளவுக்கு இருந்தது, பிழையில்லாத அளவுக்கு இல்லை. இன்னும் வோல்டேஜ் கூட்டலாம். கூட்டினால் சூடு ஏறும், ஏறினால் இன்னும் கேட்கும். எங்கேயாவது ஓரிடத்தில் நாம்தான் போதும் என்று சொல்ல வேண்டும். இணையத்தில் இதே பிராசசரை இதைவிட வேகமாக ஓட்டுகிறவர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பிராசசர் அவர்களுடையது, அவர்கள் அறை அவர்களுடையது. என்னுடையது மொட்டை மாடியை ஒட்டிய அறை, சித்திரை வெயில். ஏற்றி வைத்திருந்த வேகத்திலிருந்து இரண்டு படி கீழே இறங்கி, மத்தியான வேளையில் மட்டுமே சோதித்து, ஒரு நிலையில் நிறுத்தினேன். ஆலை வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம். முன்பிருந்ததைவிடக் குறைவு. வோல்டேஜையும் தேவையில்லாத அளவுக்கு ஊற்றியிருந்ததைக் குறைத்தேன். கணினிக்குள் சுழலும் மின்விசிறியின் இரைச்சல் தணிந்தது. என் கணவர் மேலே வந்து, "ஆஃப் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

இரண்டாவது வேலை, அந்தப் பங்குனி வெயிலில் நான் முடித்துக் கொடுத்த மற்ற வீடியோக்களை முழுசாகப் பார்ப்பது. முதல் முறை பார்க்க வேண்டிய பார்வையை இப்போது பார்த்தேன். பெரும்பாலானவற்றில் ஒன்றுமில்லை. அரக்கோணத்துப் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்தில் பந்திக் காட்சியில், சாம்பார் வாளிமேல் கட்டங்கள் வந்திருந்தன. அவர்களுக்கு வேறு பிரதி அனுப்பினோம். வாங்கிக்கொண்டார்கள். முதல் பிரதியை அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

இன்னொன்று ஊரிலேயே, மண்டபத்தில் நடந்த வரவேற்பு. மாப்பிள்ளையும் பெண்ணும் கேக் வெட்டும் இடத்தில், கத்தி இறங்குகிற நொடியில் திரை முழுக்கப் பச்சையும் ரோஸும் சிதறிப் பரவி மறைந்திருந்தது. மாப்பிள்ளையின் அக்காவைப் போனில் கூப்பிட்டு, வீடியோவில் ஒரு கோளாறு இருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்றேன்.

"எந்த எடம்க்கா?"

"கேக் வெட்டுற எடம்மா. கலர் கலரா செதறும் பாரு."

"அய்யே, அதுவா! அது நீங்க போட்ட எஃபெக்ட்டுன்னு இல்ல நெனச்சோம்? எங்க வூட்டுக்காரரு அத மட்டும் வெட்டி ஸ்டேட்டஸ்ல வெச்சிகினாரு. நல்லாத்தான் கீது, வுடுங்க."

நான் விடவில்லை. சுத்தமான பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில், டிவியில், இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் கட்டம் சிதறுகிறதுதான் பிடித்திருந்தது. அடுத்த மாதம் தன் நாத்தனாருக்கு வளைகாப்பு இருக்கிறது, அதிலும் இதேமாதிரி ஒன்று போட்டுத் தர முடியுமா என்று மாப்பிள்ளையின் அக்கா கேட்டாள். முடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை நிரலில் வேண்டுமென்றே வரைந்து செய்ய எனக்கு ஒரு பகல் முழுக்க ஆனது.